பாதை வரும், நில்லுங்க

“மண்டூருக்குக் குருமண்வெளியால பாதை இருக்கு” என்று வீட்டுக்கார அன்ரி முந்தின இரவே சொல்லியிருந்தார். அதை நம்பி மட்டக்களப்பில் கல்முனை பஸ் ஏறி, களுவாஞ்சிகுடியில் இறங்கி, ஓட்டோ பிடித்துக் கரைக்குப் போய்ச் சேர்ந்தேன். ஓட்டோக்காரர் காசை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார். எனக்கு முன்னால் வாவி. அக்கரையில் பச்சைக் கோடு போட்டதுபோல் மரங்கள். பாதை என்று சொல்ல ஒன்றுமே இல்லை.

கரையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஒரு பெரியவர் நின்றிருந்தார். “ஐயா, மண்டூருக்குப் பாதை எங்கே?”

தண்ணீரைக் காட்டினார். “அந்தா வருது மகள்.”

பாதை எப்படி வரும்? நாம்தானே அதில் போக வேண்டும்? கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். நடுத்தண்ணீரில் ஏழெட்டுப் பேர் நின்றபடியே இந்தப் பக்கம் நகர்ந்து வந்துகொண்டிருந்தார்கள். கிட்ட வந்த பிறகுதான் அவர்கள் காலுக்குக் கீழே இருந்த மிதவை தெரிந்தது. தட்டையான பெரிய தளம். அதன்மேல் மோட்டார் சைக்கிள்கள், ஒரு ஓட்டோ, பின்னால் உரப்பை கட்டிய ஒரு சைக்கிள், வெற்றிலை மென்றுகொண்டு ஓர் அம்மா. அந்த மிதவைக்குப் பெயர்தான் பாதை. அதைப் புரிந்துகொண்டு நான் வாயைப் பிளந்து நின்ற நேரத்தில், இறங்க வேண்டியவர்கள் இறங்கி, ஏற வேண்டியவர்கள் ஏறி, பாதை போய்விட்டது. பெரியவரும் ஏறிவிட்டார். போகிற போக்கில், “பயப்படாதீங்க, மறுகா வரும், நில்லுங்க” என்று குரல் கொடுத்தார். ‘மறுகா’ என்றால் மறுபடியும், அப்புறம். அன்று கற்றுக்கொண்ட இரண்டாவது சொல் அது.

நான் சிதம்பரத்துப் பக்கம். நாட்டார் வழக்காற்றியல் முதுகலை. வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் படிக்கலாம் என்ற வாய்ப்பு வந்தபோது தோழிகள் ஜெர்மனி, போலந்து என்று பார்த்தார்கள். எனக்குக் கூத்து பார்க்க வேண்டும் என்ற ஒரே ஆசை; மட்டக்களப்பு என்று எழுதிக்கொடுத்தேன். “மொழிப் பிரச்சினையே இல்லை பார்” என்று அம்மாவுக்கு நிம்மதி. பிரச்சினை அங்கேதான் இருந்தது. தெரியாத மொழி என்றால் இரண்டு தடவை கேட்போம், எழுதிக்காட்டச் சொல்வோம். தெரிந்த மொழி என்பதால் தலையாட்டிவிட்டு நடையைக் கட்டுகிறோம். பிப்ரவரி முதல் ஜூலை வரை நான் பட்ட பாட்டில் முக்கால்வாசி இந்தத் தலையாட்டலால் வந்தது.

முதல் வாரமே ஒன்று. “கச்சேரியடியில இறங்குங்க, பக்கத்திலதான்” என்று சக மாணவி சொன்னாள். ஏதோ இசை அரங்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இலங்கையில் கச்சேரி என்றால் மாவட்டச் செயலகம். மட்டக்களப்பில் அது நீண்டகாலம் பழைய கோட்டைக்குள்ளேயே இயங்கியது. மயிலாப்பூர்க் கச்சேரி சாலைக்குப் பெயர் வந்ததும் இந்தப் பொருளில்தான் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. நம் ஊரில் மறந்துபோன பொருள் அங்கே வழக்கில் உட்கார்ந்திருக்கிறது.

விசாவைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன். சுற்றுலாவுக்கான ஈடிஏவில் போய் உட்கார்ந்து படிக்க முடியாது, வதிவிட விசா வேண்டும். கடிதங்கள் வர நாளாகும், சீக்கிரம் தொடங்குங்கள்.

சுற்றுலாவுக்கு வருகிறேன். எங்கள் நிகழ்ச்சி நிரலில் ‘பண்பாட்டுச் சுற்றுலா’ என்று ஒரு நாள் இருந்தது. ஒரு வேன், பதினான்கு பேர், ஐந்து இடம். காலையில் புளியந்தீவுக் கோட்டை, பிறகு காரைதீவு, தீகவாபி, அம்பாறை நகரம், கடைசியில் இங்கினியாகல சேனநாயக்க சமுத்திரம். ஏற்பாடு செய்தவர்கள் நல்ல மனதோடுதான் செய்தார்கள். ஆனால் அந்த நாளில் என் மனதில் நின்றது வேனின் ஏசி வேலை செய்யாததுதான். கோட்டையை 1628இல் போர்த்துக்கேயர் கட்டினார்கள், 1638இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள் என்று குறித்துக்கொண்டேன். அது நூலகத்திலேயே கிடைத்திருக்கும்.

காரைதீவில் இறங்கியபோது மட்டும் உடம்பு கொஞ்சம் சிலிர்த்தது. விபுலானந்த அடிகள் 1892இல் பிறந்த ஊர். 1931இல் எங்கள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குத் தமிழ்ப் பேராசிரியராக வந்தவர். நான் தினமும் சைக்கிளில் கடந்துபோகும் வளாகத்தில் நடமாடிய மனிதர், இந்த மணல் ஒழுங்கையிலிருந்து புறப்பட்டிருக்கிறார். மணிமண்டபத்துக்குள் போய் நின்று இரண்டு படம் பார்ப்பதற்குள் வேன் ஹார்ன் அடித்தது. பன்னிரண்டு நிமிடம்.

தீகவாபியில் வேறு சிக்கல். அன்று போயா. இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் பொது விடுமுறை. வெள்ளையுடை உடுத்திய குடும்பங்கள் பஸ் பஸ்ஸாக விகாரைகளுக்கு வருவார்கள். எங்களுக்கும் அன்றுதான் வகுப்பு இல்லை, அதனால் அன்றே ஏற்பாடு. தாதுகோபம் என்ற ஸ்தூபியைச் சுற்றி வரவே ஒரு மணி நேரம். பௌத்தர்கள் வழிபடுவதைப் பார்க்க வேண்டுமென்றால் போயாவில் போங்கள். இடத்தை நிதானமாகப் பார்க்க வேண்டுமென்றால் அந்த ஒரு நாளைத் தவிருங்கள். பெரிய சமுத்திரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் ஆற்றை மறித்துக் கட்டிய நீர்த்தேக்கம் அது. அம்பாறை நகரம் வளர்ந்ததே அதை ஒட்டித்தான். 1961 வரை இதெல்லாம் மட்டக்களப்பு மாவட்டம். இந்த ஒரு தகவலின் பாரம் என்ன என்று கேட்கும்படி யாராவது ஒரு விவசாயியோடு உட்கார்ந்திருந்தால் அந்த நாள் உருப்பட்டிருக்கும். நாங்கள் குழுப்படம் எடுத்துக்கொண்டு திரும்பினோம்.

அதோடு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இடம் பார்க்கத் தனியாகக் கிளம்புவதில்லை. யாராவது தன் வேலையாக ஓரிடத்துக்குப் போகிறார்களா, கூட ஒட்டிக்கொள்வது. கல்யாணம், கோயில், வயல், மருந்து வாங்க, எதுவானாலும் சரி.

மண்டூர்தான் அந்த முடிவை நானே மீறிய இடம். அதன் பலனையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது பாதையில் ஏறினேன். மட்டக்களப்பு வாவி கிட்டத்தட்ட 56 கிலோமீட்டர் நீளம். கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள நிலத்தை எழுவான்கரை என்கிறார்கள், வாவிக்கு மேற்கே உள்ளதைப் படுவான்கரை. சூரியன் எழும் கரை, படும் கரை. பஸ், கடை, வங்கி, ஆஸ்பத்திரி பெரும்பாலும் எழுவான்கரையில். வயலும் கூத்தும் மாடும் படுவான்கரையில். கொக்கட்டிச்சோலைப் பக்கம் போக இப்போது மண்முனையில் பாலம் இருக்கிறது, 2014இல் திறந்தது. அதற்கு முன்னால் அங்கேயும் பாதைதான். பாதையில் பத்து நிமிடம் நின்றால் இரண்டு கரைக்கும் உள்ள தூரம் புரியும். பாலத்தில் பஸ்ஸில் போனால் புரியாது. என் பக்கத்தில் நின்ற அம்மா எதிர்க்கரையிலிருந்து கிளினிக்குக்குப் போய்த் திரும்புகிறவர். மடியில் மருந்துப் பை. “தனியாவா வந்த? ஆரும் கூட வரல்லயா?” என்று கேட்டார். எழுவான்கரையில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

மண்டூர் முருகன் கோயிலைச் சின்னக் கதிர்காமம் என்பார்கள். பூசை செய்பவர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு செய்கிறார். மந்திரம் கிடையாது. நான் பிறந்ததிலிருந்து கேட்டது சிதம்பரம் தீட்சிதர்களின் ஓதல். ஒரு கோயிலின் உச்சவேளை இவ்வளவு மௌனமாக இருக்க முடியும் என்று எனக்குத் தெரியாது. மணிச் சத்தம், யாரோ ஒரு குழந்தையின் இருமல், துணியால் மூடிய ஒரு வாய். அவ்வளவுதான். கும்பிடுகிறவர்கள் உதடு அசைவதைக்கூட என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடிந்தது. வெளியே மரத்தடியில் வெகுநேரம் உட்கார்ந்து எழுதினேன். எழுதிக்கொண்டே இருந்தேன். அதுதான் பிழை.

கரைக்குத் திரும்பி வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. பாதை அக்கரையில் கட்டிக் கிடந்தது. “எத்தனை மணிக்கு ஒரு தடவை வரும்” என்று காலையில் கேட்டேனே தவிர, “கடைசிப் பாதை எத்தனை மணிக்கு” என்று கேட்கவில்லை. பஸ்ஸோ படகோ, படுவான்கரைக்குப் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். போகும் வழியை எல்லாரும் தாங்களாகவே சொல்வார்கள். திரும்பி வருவதை நாம்தான் கேட்க வேண்டும்.

கரையோரத்துக் கடைக்காரர் பட்டா என்கிற ஒரு சின்ன லொறியை நிறுத்தித் தந்தார். குடும்பமாகக் களுவாஞ்சிகுடிக்குப் போகிறார்கள். வெள்ளாவெளி சுற்றிப் பட்டிருப்புப் பாலத்தால் போக வேண்டும். முன்சீட்டில் அந்த அக்காவின் மடியில் ஒரு பிள்ளை, என் மடியில் ஒன்று. ஓட்டியவர் கண் முழுக்க வீதியின் இரு ஓரத்திலும்தான். “இந்த நேரத்தில ஓட்டோக்காரன் வரமாட்டான் தங்கச்சி. ஆனை இறங்குற நேரம்.” நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்தப் பக்கத்தில் யானை அடித்து ஆள் சாவதும், வேலியும் வீடும் உடைவதும் வாடிக்கைச் செய்தி என்பது மறுநாள் பேப்பரைப் புரட்டியபோது தெரிந்தது.

எந்த வீட்டில் இருக்கிறாய் என்று அக்கா விசாரித்தார். கல்லடியில் இன்ன இடத்தில், ஓர் அன்ரி வீட்டில் என்றேன். “ஐயோ, அன்ரி இண்டைக்கு உங்களுக்கு நல்லாப் பேசுவா.”

“ஆமாங்க, ரொம்ப நல்லாப் பேசுவாங்க” என்றேன் மனதார. “பாசமா இருப்பாங்க.”

லொறி குலுங்கியது வீதிக் குழியால் மட்டும் இல்லை. இலங்கையில் பேசுவது என்றால் திட்டுவது. வாய் திறந்து உரையாடுவதற்குக் ‘கதைப்பது’ என்று வேறு சொல் இருக்கிறது. களுவாஞ்சிகுடி வரும்வரை அந்த அண்ணன் ‘பாசமாப் பேசுவா’ என்று சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தார். காசு நீட்டினேன், வாங்கவில்லை. “வீட்ட போய்ச் சேர்ந்ததும் ஒரு கோல் தாங்க, அது போதும்” என்று அக்கா நம்பர் தந்தார். அன்று இரவு அன்ரி எனக்கு மிக நன்றாகவே பேசினார்.

அதன் பிறகு என் வெள்ளி, சனிகளை அன்ரி கையில் எடுத்துக்கொண்டார். அவருக்குத் தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று ஒரு சங்கிலி. அந்தச் சங்கிலியின் மூன்றாவது கண்ணியில்தான் கூத்து கிடைத்தது.

மட்டக்களப்புக் கூத்தைப் பற்றிப் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். வடமோடி, தென்மோடி என்று இரண்டு வகை. பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அதை நவீன மேடைக்குக் கொண்டுவந்தது. அந்த மாணவர்களில் ஒருவரான மௌனகுரு பிறகு பேராசிரியராகி ஆய்வு செய்தது. மூன்றாவது கண் அமைப்பினர் சீலாமுனை மக்களோடு சேர்ந்து செய்த மீளுருவாக்கம். எல்லாம் குறிப்பேட்டில் இருந்தது. அரங்கேற்ற இரவு ஒன்றைப் பார்த்துவிட்டால் போதும் என்பது என் கணக்கு.

அண்ணாவியார் அந்தக் கணக்கைக் கலைத்தார். அண்ணாவியார் என்றால் கூத்தைப் பழக்குபவர், மத்தளமும் அவர் கையில்தான். அறுபது தாண்டியவர். பகலில் வட்டைக்குப் போய்வருகிறார். வட்டை என்பது வயல்வெளி. “அரங்கேற்றத்துக்கு ஊரே வரும். அண்டைக்கு எனக்கு உங்களோட கதைக்க ஏலாது. பழக்கத்துக்கு வாங்க மகள்” என்றார். பழக்கம் என்றால் ஒத்திகை. சரி என்று ஆறு வாரம், வாரத்துக்கு ஒரு நாள் போனேன்.

முற்றத்தில் ஒரு குண்டு பல்ப். நிலத்தில் வட்டம். ஆடுகிறவர்களில் ஒருவர் காலையில் மீன் வியாபாரம், ஒருவர் மேசன், இரண்டு பேர் ஏ.எல்., அதாவது பள்ளி இறுதித் தேர்வு, எடுக்கப்போகும் பையன்கள். பாரதத்துக் கதை. ஒரு பையனுக்கு ஒரு திரும்பல் வரவே இல்லை. வட்டமாக ஆடி வந்து, இடக்காலை ஊன்றி, தாளம் விழும் இடத்தில் உடம்பைத் திருப்ப வேண்டும். அவன் ஒவ்வொரு முறையும் அரை அடி முன்னால் திரும்பிவிடுவான். அண்ணாவியார் திட்டவில்லை. மத்தளத்தை நிறுத்திவிட்டு, வாயாலேயே தாளத்தைச் சொல்லிக்கொண்டு, எழுந்து, அவன் தோளைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு கூடவே ஆடினார். இரண்டு நிழல் ஒரு நிழலாகி வட்டம் சுற்றியது. மூன்றாவது சுற்றில் கையை எடுத்துவிட்டார். பையனுக்கு அவர் கையை எடுத்தது தெரியவில்லை, சரியாகத் திரும்பினான். முற்றத்தில் இருந்த பெண்கள் குரவை போட்டார்கள். அரங்கேற்ற இரவில், களரி என்ற ஆடுகளத்தைச் சுற்றி ஊர் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, அவன் அதே இடத்தில் சரியாகத் திரும்பினான். அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. பழக்கத்துக்குப் போகாமல் நேராக அரங்கேற்றத்துக்கு வந்திருந்தால் அந்தக் கணத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருப்பேன்.

எங்கள் ஊர்த் தெருக்கூத்தோடு ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. நம்மிடம் நடிகருக்குப் பின்னால் வாத்தியக்காரர்கள் உண்டு, முதுகுக்கு ஒரு மறைவு உண்டு. வட்டக்களரியில் முதுகு என்று ஒன்று கிடையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரோ பார்க்கிறார்கள். ஆட்டம் சுற்றிச் சுற்றி வருவதன் நியாயம் அதுதான் என்று எனக்குப் பட்டது. அண்ணாவியாரிடம் சொன்னேன். “அது சரி, அதோட எல்லாப் பக்கமும் சொந்தக்காரர் இருக்காங்களே, ஒரு பக்கம் மட்டும் ஆடினா மற்றப் பக்கம் கோபிக்கும்” என்றார்.

விடியவிடியக் கூத்து பார்க்கப் போகும் பெண்களுக்கு ஒரு விஷயம்: பாய், போர்வை, தண்ணீர் எல்லாரும் சொல்வார்கள். பக்கத்தில் எந்த வீட்டு வளவுக்குள் போய் வரலாம் என்பதை வெளிச்சம் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நுளம்புக்கு, அதாவது கொசுவுக்கு, ஏதாவது பூசிக்கொள்ளுங்கள். கையில் 20, 50, 100 ரூபாய்த் தாள்கள் வேண்டும். கச்சான் விற்கும் அம்மாவிடம் 5000 ரூபாய்த் தாளை நீட்டி நான் வாங்கிய பார்வை இன்னும் முதுகில் இருக்கிறது. கச்சான் என்றால் வேர்க்கடலை. மே மாதத்துக்குப் பிறகு மேற்கிலிருந்து வீசும் அனல் காற்றுக்கும் கச்சான் என்றே பெயர். “கச்சான் தொடங்கிட்டு” என்றால் தின்பண்டம் வந்துவிட்டது என்று கிளம்பிவிடாதீர்கள், குடை எடுங்கள்.

காத்தான்குடிக்கு ஒரு வெள்ளிக்கிழமை நண்பகலில் போய், கடையெல்லாம் சாத்தியிருக்க, நடுவீதிப் பேரீச்சை மரங்களை எண்ணிக்கொண்டு நின்றதையும் சொல்ல வேண்டும். ஜும்ஆத் தொழுகை நேரம். வேறு எந்த நாள் போனாலும் நல்ல சாப்பாடு கிடைக்கும்.

வைகாசி வந்தது. அன்ரியின் அம்மா, அவரை நானும் அம்மம்மா என்றே கூப்பிடுவேன், தன் பிறந்த ஊரில் கண்ணகை அம்மன் சடங்குக்கு என்னைக் கூட்டிப்போனார். அங்கே யாரும் கண்ணகி என்பதில்லை, கண்ணகைதான். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரம் முழுக்க அவளுக்குக் கோயில்கள் இருக்கின்றன: காரைதீவு, தம்பிலுவில், பட்டிமேடு, செட்டிபாளையம் என்று போகிறது. பல கோயில்களில் ஆண்டுக்கு ஒரு முறைதான் கதவு திறக்கிறார்கள். நான் நான்கு வருடம் சிலப்பதிகாரம் படித்தவள். இலங்கைக் கயவாகு மன்னன் பற்றிய வரியைப் பரீட்சையில் மேற்கோள் காட்டி மதிப்பெண் வாங்கியவள். ஆனால் கண்ணகியை ஒருவர் கும்பிட்டு நான் நேரில் பார்த்ததில்லை.

இரவில் வழக்குரை பாடினார்கள். பாண்டியன் அவையில் அவள் வழக்காடும் கதை, இந்த மண்ணின் வாயில் புழங்கிய தமிழில். பாடியவர்களில் ஒருவருக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்துத் தெரியவில்லை. ஆனால் பாட்டு நிற்கவில்லை, ஏடு பேருக்குத்தான் இருந்தது. பக்கத்தில் அம்மம்மா முந்தானையால் விசிறிக்கொண்டு கூடவே முணுமுணுத்தார். எனக்குத் தெரிந்த கதையில் மதுரை எரிவதுதான் உச்சம். இங்கே அதற்குப் பிறகுதான் முக்கியமான வேலை இருக்கிறது: அவளைக் குளிர வைக்க வேண்டும். கடைசி நாளின் பெயரே குளிர்த்தி, வாய்வழக்கில் குளுத்தி. கோபத்தோடு வந்தவளை வெப்பு, அம்மை, வறட்சி எல்லாம் தணியும்படி பாடிக் குளிரச் செய்து அனுப்புகிறார்கள். எங்கள் வகுப்பில் கண்ணகியின் நீதியைப் பற்றி எத்தனையோ விவாதம் நடந்தது. அவளுக்கு ஆறுதல் யார் சொன்னார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை.

ஒரு பெண் ஆடத் தொடங்கினார். என் கை தன்னிச்சையாகப் போனைத் தேடியது. அம்மம்மா திரும்பிப் பார்க்கவே இல்லை. என் மணிக்கட்டைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். “எடுக்காத புள்ள. கட்டாடியார் பேசுவார்.” இந்த முறை எனக்கு அர்த்தம் தெரியும். கட்டாடியார் என்பது அங்கே பூசை செய்பவர். படம் எடுக்க அனுமதி உண்டா என்று கேட்க வேண்டும் என்பது எல்லாக் கையேட்டிலும் இருக்கும். யாரிடம் கேட்பது என்பதுதான் இருக்காது. பொறுப்பில் இருப்பவரிடம் பகலிலேயே, கூட்டம் இல்லாதபோது, உங்களைக் கூட்டிவந்தவர் வாயால் கேட்கச் சொல்லுங்கள். நீங்களே நேரில் கேட்டால் விருந்தாளி முகத்துக்காகச் சரி என்றுவிடுவார்கள். அது சரி இல்லை.

மறுநாள் காலை, ஒரு பாட்டி என்னைப் பார்த்து அம்மம்மாவிடம், “இந்தப் புள்ள என்ன குடி?” என்று கேட்டார். சங்கப் பாடல் உரைகளில் மட்டும் நான் பார்த்த சொல். அங்கே குடி தாய்வழியாக வருகிறது. கோயில் உரிமைகள் பலவும் குடிப்படி. வீடு மகளுக்குப் போகும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். அந்தப் பக்கத்து முஸ்லிம்களிடமும் இதே வழக்கம் உண்டு. அம்மம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, “என்னோட வந்த புள்ள, எங்கட குடிதான்” என்றார். பந்தியில் எனக்கு இடம் கிடைத்தது.

பாடும் மீனையும் ஒரு பௌர்ணமி இரவில் தேடிப் போனோம். கல்லடிப் பாலத்தடியில் தோணி. 1848இல் இங்கே வந்த எமர்சன் டென்னன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி, ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்ததுபோல் ஓசை கேட்டதாக எழுதி வைத்திருக்கிறார். ஊரிதான் பாடுகிறது, மீன் இல்லை என்பது அவருக்கு ஊர்க்காரர்கள் சொன்னது. ஊரி என்பது ஒருவகைச் சங்கு. துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்தேன். ஏதோ ஒரு ரீங்காரம். தூரத்து எஞ்சினாகவும் இருக்கலாம். தோணிக்காரரிடம் கேட்டேன். “கேக்கிற ஆளுக்குக் கேக்கும்” என்றார், பீடியைப் பற்றவைத்தபடி.

திரும்பும்போது நாவலடிப் பக்கம் கையைக் காட்டி, “எங்கட வீடு அந்தா இருந்தது” என்று மட்டும் சொன்னார். 2004 டிசம்பர் 26. என் பையில் வாய்மொழி வரலாற்றுக்கான கேள்விப் பட்டியல் ஒன்று இருந்தது, பேராசிரியர் அனுமதித்தது, இருபத்திரண்டு கேள்வி. அதை வெளியே எடுக்கவில்லை. அவர் மேலே சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கரை வரும்வரை துடுப்புச் சத்தம் மட்டும். ஆறு மாதத்தில் கடலையும் போரையும் பற்றி நான் கேட்டு வாங்கியது ஒன்றும் இல்லை. அவர்களாகச் சொன்னது நிறைய. பெரும்பாலும் மீன் அறுக்கும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும்.

ஜூலையில் கிளம்புவதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருந்தது. பழக்கத்தையும் அரங்கேற்றத்தையும் ஒலிப்பதிவு செய்திருந்தேன். ஆறாவது வாரம் அண்ணாவியாரின் மகள் கேட்டிருந்தார், “இது உங்கட ஊருக்கு மட்டும்தானா, எங்களுக்கும் தருவீங்களா?” என்று. அதற்கு முன்னால் எனக்கு அப்படித் தோன்றவே இல்லை என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஏழு பென் டிரைவ் வாங்கி, நாள்வாரியாகப் பெயர் போட்டு நகல் எடுத்துக்கொண்டு போனேன். போகிறவர்கள் இந்தச் செலவையும் முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேரன் தன் லேப்டாப்பில் போட்டுக் காட்டினான். அண்ணாவியார் மத்தளத்துக்குப் பக்கத்தில், கண்ணை மூடி, தொடையில் விரலால் தட்டிக்கொண்டு கேட்டார். அரைமணி நேரம் போயிருக்கும். ஓரிடத்தில் விரல் நின்றது. பேரனைத் திரும்பப் போடச் சொன்னார். மறுபடியும் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இதுல தாளம் பிழைச்சிட்டு மகள். நான்தான் விட்டுட்டன். இதை அழிச்சிப்போட்டு, மறுகா வந்து எடுங்க.”